ஈரல் இளைத்த கதை

நவம்பர் 4, திங்கள்

இருபத்துநான்கு சதவீதம். என் கல்லீரலில் நூற்றில் இருபத்துநான்கு பங்கு கொழுப்பு. மதுரையில் பெரிய சர்ஜன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டி, "இது பத்துக்குக் கீழ வந்தாத்தான் நான் கத்தியத் தொடுவேன்" என்றார். கத்தி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடம் பொருள் தெரியாமல் சிரிப்பு வருவது என் பழக்கம். பக்கத்தில் இருந்த அத்தான் முழங்கையால் இடித்தார்.

இந்த நோட்டைக் கொடுத்தது அந்த ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் தாரகேஸ்வரி. வாயில் போட்டதையெல்லாம் அன்றன்று எழுத வேண்டுமாம். இடது பக்கம் அவளுக்கு, தினமும் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வலது பக்கம் எனக்கு.

என் பெயர் அமலோற்பவம். எல்லோருக்கும் அமலி. வயது முப்பத்தொன்பது, எடை எண்பத்துநான்கு. தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் பத்தொன்பது வருஷமாக மக்ரூன் போடுகிறேன். முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூளைச் சேர்த்து, தட்டில் கூம்பு கூம்பாக விடுகிற வேலை.

என் அக்கா பிரகாசிக்கு ஈரல் செத்துக்கொண்டிருக்கிறது. அவள் கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவள். அவள் உடம்பே அவள் ஈரலை எதிரி என்று நினைத்து அடிக்கிற நோயாம். அத்தான் கஸ்பாருக்கு ரத்த வகை சேரவில்லை. அவர்கள் மகளுக்குப் பதினைந்து வயதுதான். எனக்குச் சேர்ந்துவிட்டது. என் ஈரலில் பெரிய பாதியை வெட்டி அவளுக்கு வைத்தால், அவளுக்குப் போனதும் வளரும், எனக்கு மிஞ்சியதும் வளரும். கொழுத்த ஈரல் என்றால் இரண்டும் வளராமல் போகலாம். கரைப்பதற்கு ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

அக்காவும் நானும் நாலு வருஷமாகப் பேசுவதில்லை. எதற்கென்று மறந்துவிட்டது.

நவம்பர் 5, செவ்வாய்

தாரகேஸ்வரி மாலையில் போன் செய்தாள். குரலைக் கேட்டால் இருபத்தைந்து வயதுதான் இருக்கும். விசாரணை மட்டும் போலீஸ் விசாரணை.

"எண்ணெய்ப் பலகாரமே தொட மாட்டேன்னு எழுதியிருக்கீங்களே அக்கா."

"சத்தியமா தொட மாட்டேன்."

"மக்ரூன்?"

"ருசி பாக்கணும்லா. தட்டுக்கு ஒண்ணு."

"ஒரு நாளைக்கு எத்தனை தட்டு?"

"முப்பது."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். கொழுப்பு வர எண்ணெய் தின்ன வேண்டியதில்லையாம். சீனியும் சோறும் அளவுக்கு மேல் உள்ளே போனால், ஈரல் அதைக் கொண்டு தானே கொழுப்புச் செய்யும். செய்து இடுப்புக்கும் தொடைக்கும் அனுப்பும். உடம்பின் கிடங்கு அங்கேதான். அனுப்ப முடியாத அளவுக்குச் சேர்ந்தால் செய்த இடத்திலேயே அடுக்கிவைக்கும்.

அதாவது பத்தொன்பது வருஷமாக எனக்குள்ளும் ஒரு பேக்கரி ஓடியிருக்கிறது, லீவு விடாமல். சரக்குதான் வெளியே போகவில்லை.

இன்று முதல் ருசி பார்க்கிற வேலை மாஸ்டர் சகாயத்துக்கு. அவர் முகத்தில் அப்படியொரு கடமையுணர்ச்சி.

நவம்பர் 9, சனி

எண்பத்தொன்றரை. ஐந்து நாளில் இரண்டரைக் கிலோ. பேக்கரி முழுக்கச் சொன்னேன். கேக் வாங்க வந்தவர்களிடமும் சொன்னேன். ஒரு அம்மா வாழ்த்திவிட்டுப் போனார்.

மாலையில் தாரகேஸ்வரி சொல்கிறாள், அது பெரும்பாலும் தண்ணீராம். ஈரலிலும் சதையிலும் அவசரத்துக்கென்று உடம்பு கொஞ்சம் மாவுச்சத்து வைத்திருக்குமாம், அதோடு தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் அது போகும். "கொழுப்பு இனிமேதான் அக்கா வாசலுக்கே வரும்."

வாழ்த்தைத் திருப்பிக் கொடுக்க அந்த அம்மாவை எங்கே தேடுவது.

நவம்பர் 12, செவ்வாய்

அக்கா போனில் பேசினாள். நாலு வருஷம் கழித்து. நலமா கிலமா ஒன்றும் கிடையாது.

"எவ்வளவு கொறஞ்சிருக்க?"

"மூணே முக்கால்."

"நடக்கியா?"

"காலைல பீச் ரோட்டுல ஒரு மணி நேரம்."

"வேகமா நடக்கியா, இல்ல வழில நின்னு கதை பேசுதியா?"

இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினாள். ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். வைத்த பிறகு பார்த்தால், மேசையில் கிடந்த பேக்கிங் பேப்பரில் பதினொன்றைக் கசக்கியிருக்கிறேன்.

நாளைக்கும் பேசுவாளாம், இதே நேரத்தில்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று எனக்குத் தெரிந்ததை இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

"கரையுது கரையுதுங்கியே, கரஞ்ச கொழுப்பு எங்கம்மா போகுது?" என்று தாரகேஸ்வரியிடம் கேட்டேன். வியர்வையில் போகும், இல்லாவிட்டால் கக்கூஸில் போகும் என்று நினைத்திருந்தேன்.

"மூச்சுலக்கா."

"மூச்சுலயா?"

"பத்துக் கிலோ கொழுப்பு எரிஞ்சா எட்டுக் கிலோவுக்கு மேல காத்தா மூச்சு வழியாத்தான் வெளிய போகுது. மிச்சம் தண்ணி."

கிடங்கிலிருந்து கொழுப்பு உடைந்து ரத்தத்தில் ஏறி, சதைக்கும் ஈரலுக்கும் போய், விறகு மாதிரி எரிந்து, புகை மாதிரி மூக்கு வழியாகப் போகிறது. நான் நாள் முழுக்க என்னையே ஊதிக்கொண்டிருக்கிறேன்.

கோவிலில் பிரசங்கம் நடந்தபோது இதே நினைப்பு. முன் வரிசையில் இருந்த லில்லி டீச்சரின் கொண்டையில் மெதுவாக ஊதினேன். கால் கிராமாவது அவர் தலையில் போயிருக்கும். பாட்டு நேரத்தில் இழுத்துப் பாடினேன், கடைசி அடியை இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது வாசல் வாகை மரத்தையும் சும்மா விடவில்லை. மரம் இந்தக் காற்றைத்தானே தின்கிறது.

எழுபத்தொன்பதே முக்கால். தலை பட்டம் மாதிரி மேலே போகிறது.

நவம்பர் 20, புதன்

குளிக்கும்போது கழுத்தடியில் எலும்பு ஒன்று தட்டுப்பட்டது. பயந்துவிட்டேன். அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒன்று இருந்தது. பிறகு பயம் போயிற்று.

நவம்பர் 24, ஞாயிறு

அக்காவைப் பார்க்கப் போனேன். சும்மா இல்லை. ஆஸ்பத்திரி காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

கண் மஞ்சளாக இருக்கும் என்று தெரியும். அதற்குத் தயாராகத்தான் போனேன். கைக்குத்தான் தயாராக இல்லை. பேனாவைப் பிடித்த கை என் மூன்று விரல் பருமன் இருந்தது. வயிறு மட்டும் நிறைமாதம் போல. உள்ளே தண்ணீராம், பத்து நாளைக்கு ஒரு தடவை ஊசி போட்டு இறக்குகிறார்கள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது. ஈரல் ராத்திரிப் பொழுதுக்குக்கூட எதையும் சேர்த்துவைக்க முடியாததால், அவள் உடம்பு இருந்த கொழுப்பையெல்லாம் எரித்து முடித்துவிட்டு இப்போது சதையை எரிக்கிறது என்றார் அத்தான். மதுரையில் சொன்னார்களாம்.

நான் எப்படியாவது கரைந்துவிட வேண்டும் என்று ஓடுகிறேன். அவளிடம் கரைய ஒன்றுமில்லை. ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள்.

மோர் கொடுத்தார்கள். குடித்தேன், இடது பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

கிளம்பும்போது அக்கா தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "எளச்சா நல்லாத்தான் இருக்க" என்றாள். இதே வாயால்தான் அன்றைக்கு அந்தப் பச்சைச் சேலையைப் பற்றி. சரி, அது எதற்கு இப்போது.

நவம்பர் 29, வெள்ளி

கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிகிறது. பேக்கரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரம்மில் ஊறிய திராட்சை. நான் மதியம் சாப்பிடுவது வேகவைத்த மீன் ஒரு துண்டு, பாசிப்பயறு ஒரு கிண்ணம், சோறு ஒரு பிடி. முட்டை வெள்ளைக்கரு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பத்தொன்பது வருஷம் சீனியோடு அடித்த அதே வெள்ளைக்கருவை இப்போது மிளகுத்தூளோடு தின்கிறேன். அது என்னை எந்த முகத்தோடு பார்க்குமோ.

எழுபத்தேழு. பச்சைச் சேலை என்று போன வாரம் எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பேனாவால் எழுதியது, இருக்கட்டும்.

டிசம்பர் 2, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

எடை மெஷின் பழுது. எழுநூறு கிராம் கூட்டிக் காட்டுகிறது. பேட்டரி மாற்றினேன். அப்படியும் அதே பிடிவாதம்.

டிசம்பர் 4, புதன்

தாரகேஸ்வரியிடம் சொல்லிவிட்டேன். திங்கள் மதியம் ஓர் அடுக்கு பிளம் கேக் மூலையில் உடைந்துவிட்டது. உடைந்ததை விற்க முடியாது. நான் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு என்று கேட்டாள். மூலை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு என்றேன். பிறகு, நாலு மூலையும் என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "திங்கக்கிழமை என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. காலையில் அக்கா போன் செய்யவில்லை, அவ்வளவுதான். வயிற்றில் தண்ணீர் இறக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று எனக்கு மாலையில்தான் தெரியும். அதற்கும் கேக்குக்கும் சம்பந்தமில்லை.

"ஒரு நாள் கேக்குல ஈரல் கெட்டுப்போகாது. நாளைக்கு நடங்க" என்றாள்.

இரண்டு மணி நேரம் நடந்தேன். துறைமுகம் வரை போய்த் திரும்பினேன். வேகமாக, யாரோடும் கதை பேசாமல்.

டிசம்பர் 9, திங்கள்

மதுரை. பதின்மூன்று.

இருபத்துநான்கிலிருந்து பதின்மூன்று. நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஈரலில் சேர்ந்ததுதான் முதலில் கரையுமாம், இடுப்பு சாவகாசமாகத்தான் வரும். சர்ஜனுக்குச் சந்தோஷம், ஆனால் பத்து பத்துதான் என்றார். இன்னும் ஒன்பது நாள். அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்காது என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை, அத்தானிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்.

பிறகு கமிட்டி. உறுப்பு கொடுக்கிறவர்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள். மூன்று பேர், ஒரு கேமரா.

"யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்ல சார்."

"அக்காவுக்கும் உங்களுக்கும் எப்படி?"

"ரொம்ப ஒட்டுதல் சார்."

"கடைசியா எப்ப ஒண்ணா சாப்பிட்டீங்க?"

யோசித்தேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "போன மாசம் மோர் குடிச்சேன்" என்றேன்.

நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்காகக் குடுக்கிறீங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க."

சிரிப்பு வரவில்லை, அதுதான் ஆச்சரியம். "எனக்கு ஒரே ஒரு அக்காதான் மேடம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 11, புதன்

காலை பத்து மணிக்கு அக்கா போன். குரல் வேறு மாதிரி இருந்தது, சின்னப்பிள்ளை பேசுவது போல.

"அம்மா" என்றாள்.

அம்மா இறந்து ஏழு வருஷம். ஈரல் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் நஞ்சு ஏறி மூளை குழம்பும் என்று சொல்லியிருந்தார்கள். அது இதுதான் போல.

"அம்மா, அமலி எங்கிட்டப் பேச மாட்டேங்கா. நான் என்ன செஞ்சேன்னு கேளுங்கம்மா."

"கேக்கேன்" என்றேன்.

"கோவமா கேக்காதீங்க. அழுதுருவா."

"சரி."

அத்தான் போனை வாங்கி, ஆம்புலன்ஸ் வருகிறது, மதுரையில் சேர்க்கப்போகிறோம் என்றார்.

அதற்குப் பிறகு அடித்த வெள்ளைக்கரு நுரை கட்டவே இல்லை. பாத்திரத்தில் ஈரம் பட்டால் கட்டாது. ஈரம் எப்படிப் பட்டதென்று தெரியவில்லை. சகாயம் மாஸ்டர் கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ நடந்துட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

டிசம்பர் 14, சனி

காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி. வாயில் பழம் அழுகின மாதிரி வாசம். கொழுப்பு எரிகிற வாசம்தான், நல்லதுதான் என்றாள் தாரகேஸ்வரி. அத்தரைவிட மணமாக இருக்கிறது எனக்கு. எழுபத்துநாலரை.

டிசம்பர் 18, புதன்

எட்டு.

எட்டு. எட்டு. எட்டு.

தாரகேஸ்வரியை முதல் முறையாக நேரில் பார்த்தேன். என் தோள் உயரம்தான். தூக்கிவிட்டேன். கீழே விடச் சொன்னாள், ஆபரேஷனுக்கு முன்னால் கனம் தூக்கக் கூடாதாம். திங்கட்கிழமை ஆபரேஷன்.

ஸ்கேன் எடுத்த பையன், லிஃப்ட் அம்மா, கேன்டீனில் டீ ஆற்றியவர், எல்லோரிடமும் எட்டு என்றேன். டீக்காரர் எட்டு டீ போட்டுவிட்டார்.

டிசம்பர் 20, வெள்ளி

என்னையும் சேர்த்துவிட்டார்கள். அக்காவுக்கு மருந்து கொடுத்து மூளைக் குழப்பம் தெளிந்திருக்கிறது. மதியம் சக்கர நாற்காலியில் என்னை அவள் அறைக்குக் கொண்டுபோனார்கள். நடக்கிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறார்கள், ஈரல் இப்போது அவர்கள் சொத்து மாதிரி.

அத்தான் மருந்துக்குப் போனதும் கேட்டேன். திங்கட்கிழமை என்ன ஆகுமோ, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அன்னைக்கு எதுக்கு அந்தச் சேலையப் பத்தி அப்பிடிச் சொன்ன?"

"எந்தச் சேலை?"

"பச்ச. என்னப் பொண்ணு பாக்க வந்தாங்கள்ல, நாலு வருஷம் முன்ன. 'இதக் கட்டிட்டு வந்து ஏன் நிக்குத, லாரிக்குத் தார்ப்பாய் போட்ட மாதிரி இருக்கு'ன்னு. அவங்க கேட்டுட்டுச் சிரிச்சாங்க. அந்த மனுஷனும் சிரிச்சான்."

அக்கா கண்ணை மூடி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "எனக்கு ஞாபகமே இல்லட்டி."

நாலு வருஷம். நான் அதைச் சாப்பாட்டோடு, காப்பியோடு, முப்பது தட்டு மக்ரூனோடு சேர்த்து விழுங்கியிருக்கிறேன்.

"பெறவு எதுக்கு நான் பேசலன்னு நெனச்ச?"

"அம்மாவோட தையல் மெஷின நான் தூக்கிட்டுப் போனதுக்குன்னுல்லா நெனச்சேன்."

"அத நீயா எடுத்த?"

"உனக்குத் தெரியாதா?"

"திருட்டுப் போச்சுன்னு நெனச்சு நான் போலீஸ்ல எழுதிக்குடுத்தேன்."

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நான். அவளுக்கு மூச்சு வாங்கியது, வயிறு குலுங்கியது, மானிட்டர் கத்தியது. நர்ஸ் ஓடி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

நர்ஸ் போனபின் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொல்லித்தான் இருப்பேன். எனக்கு எந்தச் சேலையும் உடம்புல நிக்காது. நீ கட்டுனா நெறஞ்சு நிக்கும். பாத்தா எரிச்சலா வரும்."

"சரி விடு."

"விடச் சொல்லாத. தப்புதான்."

டிசம்பர் 22, ஞாயிறு

பயமில்லை. எட்டு என்று எழுதிய பக்கத்தை நாலு தடவை புரட்டிப் பார்த்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

உயிரோடு இருக்கிறேன். இரண்டு பேரும்.

பதினோரு மணி நேரமாம். வயிற்றில் ஒரு நீளத் தையல். பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள், வழியில் இருந்ததாம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஐ.சி.யூ.வில் யாரோ காதருகே வந்து "ஹாப்பி கிறிஸ்துமஸ்" என்றார். நான் "எட்டு" என்றேனாம்.

சர்ஜன் சொன்னார், ரத்தக் குழாயைச் சேர்த்ததும் அக்காவுக்கு வைத்த ஈரல் வெளுப்பு மாறிச் சிவந்து, மேசையிலேயே பித்தம் சுரந்ததாம். முதலில் பார்த்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். "நல்ல ஈரல்" என்றார். வாழ்க்கையில் என் உடம்பை ஒருவர் நேரில் பார்த்து நல்லது என்று சொல்வது இதுதான் முதல் தடவை. தும்மினால் உயிர் போகிறது. சிரித்தாலும்தான். அதனால் கவனமாக, உதட்டால் மட்டும் சிரிக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

அக்கா கண்ணில் மஞ்சள் இல்லை. இட்லி ஒன்றரை சாப்பிட்டாளாம்.

ஜனவரி 8, புதன்

இரண்டு.

மார்ச் 23, ஞாயிறு

எனக்கு மிஞ்சிய ஈரல் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது. கொழுப்பு இல்லை. தாரகேஸ்வரிக்கு நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமாம், வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். கன்னம் உப்பி, கை வளையல் இறங்காமல் நின்று, எதிரே வந்தபோது ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தேன். ஆறு கிலோ கூடியிருக்கிறாள். கை வளையலைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கக்காவ நீதான் காப்பாத்திருக்க" என்றார்.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. "யாரு யாரக் காப்பாத்துனா? அவ ஈரல் இருபத்துநாலு சதவீதம் கொழுத்துக் கெடந்தது. நான் மட்டும் படுக்காட்டி இவளுக்கு யாரு ஸ்கேன் எடுத்திருப்பா? இன்னும் பத்து வருஷத்துல எனக்கு வந்தது இவளுக்கு வந்திருக்கும். நான்தான் இவளக் காப்பாத்துனேன். இவ ஈரல்ல ஒரு பாதி எங்கிட்ட இருக்கு, மிச்சம் இவகிட்ட இருக்கு, ரெண்டையும் காப்பாத்துனது நான்."

என்ன அநியாயம். வயிற்றைக் கிழித்துக் கொடுத்தது நான். கேட்டேன். அவளும் கேட்டாள், தினமும் போன் போட்டு நடக்கச் சொன்னது யார் என்று. தையல் மெஷினை எப்போது தருவாய் என்றேன். போலீஸிடம் போய்க் கேள் என்றாள். ரெஜினா அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அரை மணி நேரம் கத்தினாள் என் அக்கா. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்றுகொண்டிருந்தவள், மூச்சே வாங்காமல், கரண்டியை ஆட்டி ஆட்டி, தெருவே கேட்கும்படி.

நான் கோபமாக வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். தெருமுனை வரை போய்விட்டேன். அங்கே நின்றும் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே நின்றேன்.

பிறகு அது நின்றது. அத்தான் வாசலுக்கு வந்து, வா என்று கையைக் காட்டினார்.

திரும்பிப் போனேன். இரண்டு தட்டு வைத்திருந்தாள். ஒன்றின் முன்னால் ஏற்கெனவே உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தாள், சீலா மீன் குழம்பு, நிறையச் சோறு. தலையை நிமிர்த்தாமல் அடுத்த தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்ட்டுட்டு மிச்சச் சண்டையப் போடு" என்றாள். "எனக்குப் பசிக்கி."